திதியும் கச்சேரியும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை ஸ்ரீரங்கத்தில் ஒரு நாகஸ்வரக் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். காலமாகிவிட்ட ஒரு பெரிய வித்துவானின் நினைவாக அவருடைய பேரன் வாசித்தார். மேடையில் வித்துவானின் படம். படத்துக்கு ரோஜா மாலை. படத்தின் கீழே பேரன். முகத்தில் அதே ஜாடை.

எனக்கு முன் வரிசையில் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தோடி நடந்துகொண்டிருந்தது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "அப்படியே தாத்தா! அந்த மூச்சு, அந்தப் பிடி!" என்று உருகினார். மற்றவர் உதட்டைப் பிதுக்கி, "என்ன இருந்தாலும் தாத்தா வாசிப்பு வருமா?" என்றார்.

இருவரும் நல்ல ரசிகர்கள்தாம். ஆனால் சற்று யோசித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. புகழ்ந்தவரும் சரி, குறை சொன்னவரும் சரி, அந்தப் பேரனை ஒரு விநாடிகூடக் கேட்கவில்லை. இருவரும் கேட்டது போய்விட்டவரைத்தான். நெற்றியில் வியர்வை வழிய வாசித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் அவர்கள் கண்ணிலேயே படவில்லை.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பும்போது இந்தக் கேள்வி என்னைவிட்டு அகலவில்லை. ஒரு கலைஞர் மறைந்தபின் அவருடைய சங்கீதம் யாருக்குச் சேரும்? ரத்தத்தில் பிறந்தவனுக்கா? கற்றுக்கொண்டவனுக்கா? ரத்தத்தில் பிறந்தவன் அதை மேடையேற்றினால் அது நன்றிக்கடனா, அல்லது பெயரை விற்றுப் பிழைப்பதா?

இதைப் பற்றி யோசிக்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. என் தந்தையார் திருச்சித் தெப்பக்குளத்தருகே வசித்த ஒரு பிடில் வித்துவான். பெரிய புகழ் இல்லை. பெரியவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். நானும் சிறு வயதில் கற்றுக்கொண்டேன். நாலு கீர்த்தனைக்கு மேல் வரவில்லை. கதை எழுதப் போய்விட்டேன். அவர் காலமான அடுத்த வருஷம் அவருடைய நண்பர்கள் சேர்ந்து ஒரு நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். "நீ வாசிக்காமல் யார் வாசிப்பது?" என்று என்னைப் பிடித்து மேடையில் உட்கார்த்திவிட்டார்கள்.

வாசித்தேன். சுருதி இரண்டு இடத்தில் விலகியது எனக்கே தெரிந்தது. ஆனால் கைதட்டல் கூரையைப் பிளந்தது. அந்தக் கைதட்டல் எனக்கு உரியதல்ல என்று உணர்ந்தபோது அடைந்த வெட்கத்தை இன்றுவரை மறக்கவில்லை. என் அப்பாவிடம் பத்து வருஷம் பாடம் கேட்டவர், உறையூரில் தறி நெய்தவரின் மகன், கடைசி வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அன்று அந்த மேடையில் உட்கார வேண்டியவர் அவர். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் பெயரில் எங்கள் குடும்பத்தின் முதலெழுத்து இல்லையே!

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "அப்பா வில்லை இப்படியா பிடிப்பார்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, "இன்னொரு தரம் வாசிடா" என்றாள். வாசித்தேன். அழுதுகொண்டே கேட்டாள். மேடையில் பொய்யாக இருந்த அதே வாசிப்பு கூடத்தில் பொய்யாக இல்லை. அன்று எனக்குப் புரிந்தது இதுதான்: திதி கொடுக்க மகன் வேண்டும், கச்சேரி செய்ய வித்துவான் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் எல்லாத் தவறும் பிறக்கிறது.

இது நம் ஊர்ச் சங்கடம் மட்டும் அல்ல. மேல்நாட்டில் ராக் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது. அதன் முதல் தலைமுறைக் கலைஞர்கள் மூப்படைந்தும் மறைந்தும் போக, பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்த் தகப்பன்மாரின் பாட்டுகளை வாசிக்கிறார்கள். லெட் ஜெப்பலின் என்ற குழுவில் முரசு வாசித்த ஜான் பான்ஹம் 1980-இல் இறந்ததும் குழு கலைந்தது. 2007 டிசம்பரில் லண்டனில் பழைய நண்பர்கள் ஒரே ஒரு நாள் கூடி வாசித்தபோது, அவருடைய இடத்தில் அவர் மகன் ஜேஸன் உட்கார்ந்தார். அமெரிக்காவில் ஃபிராங்க் ஜாப்பாவின் மகன் டுவீஸில், 2006 முதல் தந்தையின் உருப்படிகளையே வாசித்துக்கொண்டு சுற்றுப்பயணம் செய்தார். சுலபமான சங்கீதம் அல்ல அது. உழைத்துக் கற்றுத்தான் வாசித்தார். ஆனால் 2016-இல் அந்தக் கச்சேரியின் பெயரைப் பற்றியே குடும்ப அறக்கட்டளையோடு தகராறு வந்து, பெயரை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அறக்கட்டளையை நிர்வகித்தவர்கள் உடன்பிறந்தவர்கள்! நம் ஊரில் தென்னந்தோப்புக்கு நடக்கும் பாகப்பிரிவினை அங்கே ஒரு பெயருக்கு நடந்திருக்கிறது. கலையைச் சொத்து என்று நினைத்தால் அதற்குப் பங்காளிகள் முளைக்காமல் இருப்பார்களா?

"பரம்பரை என்பதே தப்பா?" என்று வாசகர் கேட்கலாம். ஸ்ரீரங்கத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. மார்கழியில் பகல்பத்தும் இராப்பத்தும் நடக்கும்போது அரையர்கள் உயர்ந்த குல்லாய் அணிந்து, கையில் தாளம் ஏந்தி, ஆழ்வார்களின் பாசுரங்களைப் பெருமாள் முன் பாடி அபிநயிக்கிறார்கள். நாதமுனிகள் தம் மருமக்கள் இருவருக்குக் கற்பித்ததிலிருந்து இந்த வழி தொடங்கியது என்பது வைணவ மரபு. இன்றும் அது வம்ச உரிமைதான். ஆனால் அங்கே யாரும், "தாத்தா மாதிரி இல்லையே!" என்று உதட்டைப் பிதுக்குவதில்லை. காரணம், அரையர் தம் தாத்தாவின் பெயருக்காகப் பாடவில்லை, பெருமாளுக்காகப் பாடுகிறார். அது கைங்கரியம். பரம்பரை அங்கே ஓர் ஆஸ்தியாக இல்லை. தலைமேல் ஏற்றிக்கொண்ட ஒரு வேலையாக இருக்கிறது.

அதே ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர் ஷேக் சின்ன மௌலானா. ஆந்திர நாட்டுக் கரவடி கிராமத்தில் பிறந்தவர், நாகஸ்வரக் குடும்பம்தான். குடும்ப வித்தையோடு திருப்தியடைந்திருந்தால் அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்து, தஞ்சாவூர் பாணியைத் தேடி வந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்றுக்கொண்டார். இஸ்லாமியராகப் பிறந்தவர் அரங்கனின் ஊரையே தம் ஊராக்கிக்கொண்டார். 1998-இல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1999-இல் மறைந்தார். ராஜரத்தினம் பிள்ளைக்கு அவர் எந்த உறவு? ரத்தத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாணிக்கு அவரைவிட நெருங்கிய வாரிசைக் காட்ட என்னால் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1982-இல் அவர் ஸ்ரீரங்கத்தில் சாரதா நாகஸ்வர சங்கீத ஆசிரமம் என்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். அவருடைய பேரர்கள் காசிமும் பாபுவும் அவரிடமே கற்று வித்துவான்களானார்கள். அவரிடம் பாடம் கேட்ட காலிஷாபி மஹபூப், ஷேக் மஹபூப் சுபானி தம்பதிகள் 2020-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். அவர்கள் பேரர்கள் அல்லர், சீடர்கள். பேரர்களுக்கு ஒரு பாடம், சீடர்களுக்கு ஒரு பாடம் என்று சங்கீதம் பேதம் பார்ப்பதில்லை. ஆலத்தூர் சகோதரர்கள் என்று உலகம் கொண்டாடிய இருவரும் உடன்பிறந்தவர்களே அல்லவே! ஒருவர் குருவின் மகன், மற்றவர் அதே குருவின் சீடர். ஒரே பாடம் அவர்களைச் சகோதரர்களாக்கிவிட்டது.

நாகஸ்வரம் செய்யும் விதத்திலேயே இந்த நியாயம் அடங்கியிருக்கிறது. நரசிங்கம்பேட்டையில் அதன் குழலை ஆச்சா மரத்தில் கடைவார்கள். புது மரம் உதவாது. இடிந்த பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குவார்கள். பல தலைமுறை வெயிலும் மழையும் பார்த்து உலர்ந்த மரத்தில்தான் நாதம் நிற்கும். ஆனால் வாயில் வைத்து ஊதும் சீவாளி அப்படியல்ல. அது கொறுக்கைத் தட்டையில் செய்வது. அவரவர் வாய்க்கும் மூச்சுக்கும் தக்கபடி அவரவரே பதப்படுத்திக்கொள்ள வேண்டும். தாத்தாவின் குழல் பேரனுக்கு வரலாம். தாத்தாவின் சீவாளி வராது.

ஆகையால் நினைவுக் கச்சேரி செய்யும் பேரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன்: தமக்கு வந்ததைச் சொத்தாக எண்ணுகிறார்களா, கடனாக எண்ணுகிறார்களா? இறந்தவர்களுக்குப் பட்ட கடனை இறந்தவர்களிடம் திருப்பிக் கொடுக்க முடியாது. பின்னால் வருகிறவனிடம்தான் கொடுக்க முடியும். அவன் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ரசிகர்களான நமக்கும் ஒரு கடமை உண்டு. படத்துக்கு மாலை போட்டபின் பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கி, உயிரோடு இருந்து வாசிக்கிறவனையும் கேட்க வேண்டும்.

அந்த நினைவுக் கூட்டம் நடந்த மறு வாரம் அப்பாவின் பிடிலை எடுத்துக்கொண்டு உறையூருக்குப் போனேன். அவர் வாங்க மறுத்தார். "அண்ணா, இது உங்க வீட்டுச் சொத்து" என்றார். "சொத்து இல்லை, கடன்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அதை அவருடைய மகள் வாசிக்கிறாள். சென்ற மாதம் கேட்டேன். அப்பா மாதிரி இருந்ததா என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்க மறந்துபோனேன்.