எதுக்கு வந்தீங்க?

1895-இல் மேரி கிங்ஸ்லி, இன்றைய காபோன் நாட்டின் ஒகூவே ஆற்றில் பயணம் செய்தார். அருங்காட்சியகத்துக்கு மீன் சேகரிக்கத்தான் போனார். ஆனால் துணியும் புகையிலையும் எடுத்துக்கொண்டு வியாபாரியாகவே ஊர்களுக்குள் நுழைந்தார். வியாபாரி என்றால் புரியும். சும்மா பார்க்க வந்தவள் என்றால் சந்தேகம் வரும், வரத்தானே வேண்டும்?

'அதிகம் யாரும் போகாத நாடு' என்று காபோனைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். அங்கே இருபது லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அப்புறம் யார் அந்த 'யாரும்'?

ஊரூர் ஒல்காட் குப்பமும் அப்படித்தான். எலியட்ஸ் கடற்கரையில் தினமும் நடக்கிறவர்களில் பலர் அதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. 2015-இல் டி.எம். கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் முதலியோர் அங்கே விழா தொடங்கியபோது, மீனவர்களுக்கு எதுக்குக் கர்நாடக சங்கீதம் என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு மறுபக்கம்தான் முக்கியம்: சபாக்காரர்கள் எந்த உரிமையில் அங்கே போய் உட்கார்ந்தார்கள்? குப்பத்து மக்களும் சேர்ந்து நடத்தியதால், விருந்தாளியாக.

மற்ற நாட்களில்? பையோடு மீன் வாங்கப் போகிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை. "சங்கரா என்ன விலைம்மா, கொஞ்சம் குறைச்சுக்கோங்க." ஏமாற்றவும் ஏமாறவும் இரண்டு பேருக்குமே வாய்ப்புள்ள உறவு அது. கேமராவோடு போகிறவரிடம் அது கிடையாது. முகம் ஒருவருடையது, படம் இன்னொருவருடையது.

அதற்காகப் போகாமலே இருப்பது கூச்சத்துக்கு அறம் என்று பெயர் வைப்பது. போகலாம். "எதுக்கு வந்தீங்க?" என்றால் நின்று பதில் சொல்ல வேண்டும். "கிளம்புங்க" என்றால் கிளம்பவும் வேண்டும். கிங்ஸ்லிக்குப் பின்னால் காலனி ஆட்சி இருந்தது உண்மைதான். ஆனாலும் படகும் துடுப்பும் வழியும் உள்ளூர்க்காரர்கள் கையில். நமக்கு மெயின் ரோடு ஐந்து நிமிடம்.