நிலைக்கும் என்று யார் வாக்களிப்பது?

சுன்னத் செய்த காயத்தில் இரத்தம் நிற்காதபோதுதான் நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஹீமோபிலியா என்ற பெயரே முதன்முதலாகக் காதில் விழுகிறது. பெரும்பாலும் தாயிடம் மறைந்திருந்து மகனிடம் வெளிப்படும் நோய் இது. இரத்தத்தை உறையவைக்கும் ஒரு புரதத்தை உடலால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடிவதில்லை. அதை ஃபேக்டர் ஊசியாகத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்வதே நெடுங்காலமாக இருந்துவரும் வழி.

இப்போது மரபணுச் சிகிச்சை வந்திருக்கிறது. நோய் உண்டாக்காத ஒரு வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி, கல்லீரலுக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் பி வகை நோய்க்கு ஹெம்ஜெனிக்ஸ் 2022 நவம்பரிலும், ஏ வகைக்கு ராக்டேவியன் 2023 ஜூனிலும் அனுமதி பெற்றன. முன்னதற்கு அங்கே குறித்த விலை 35 லட்சம் டாலர். பின்னதற்கு 29 லட்சம். "ஒரே தடவை ஏற்றினால் போதும், அத்தோடு முடிந்தது" என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த 'அத்தோடு முடிந்தது' என்ற சொல்லைத்தான் நாம் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும்.

இப்படி உள்ளே போகும் மரபணு பெரும்பாலும் நம் குரோமோசோமோடு சேர்வதில்லை. உயிரணுவுக்குள் ஒரு விருந்தாளியைப் போலத் தனியே தங்குகிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அது பெருகுவதில்லை. வளர்ந்தவர்களின் கல்லீரல் அணுக்கள் அரிதாகவே பிரிவதால் பல ஆண்டுகள் தங்கக்கூடும். வளரும் பிள்ளைகளிடமோ நீர்த்துப் போய்விடும். லண்டன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வில் சிகிச்சை பெற்ற பி வகை நோயாளிகள் 10 பேரிடம் ஏறத்தாழ 13 ஆண்டுகளுக்குப் பின்னும் பலன் நீடிப்பதாக 2025இல் அறிக்கை வந்தது. ஏ வகையிலோ பலருக்கு ஆண்டுக்கு ஆண்டு ஃபேக்டர் அளவு இறங்கியது. அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 ஆகஸ்டில் ராக்டேவியனுக்கு அனுமதி தராமல், இன்னும் இரண்டாண்டுச் சான்று கேட்டதும் இதனால்தான்.

பலன் குறைந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். முதல் தடவையிலேயே அந்த வைரஸை எதிர்க்க உடல் பழகிவிடுவதால் அதற்கு வழியில்லை. ஆகவே நோயாளிக்கு வாய்ப்பு ஒன்றே. ராக்டேவியன் கம்பெனி நான்காண்டு உத்தரவாதம் ஒன்றை அறிவித்தது. அதற்குள் பலன் போனால் பணத்தில் ஒரு பங்கு இன்ஷூரன்ஸ்காரருக்குத் திரும்பும். நோயாளியின் வாய்ப்போ திரும்பாது.

தெளிவில்லாத பொருளை விற்பதைக் 'கரர்' என்று நம் ஃபிக்ஹு நூல்கள் தடுக்கின்றன. அந்தச் சட்டம் மருந்துக்கு எந்த அளவு பொருந்தும் என்பது உலமாக்கள் சொல்ல வேண்டியது. ஆனால் கடையில் வாங்கிய துணியைத் திருப்பிக் கொடுக்கலாம். இதைத் திருப்ப முடியாது. எனவே இங்கே மறைக்காமல் சொல்லும் கடமை அதிகமே தவிரக் குறைவல்ல. ஐந்தாண்டு இரத்தக்கசிவின்றி நடந்தாலே போதும் என்பார் ஒரு நோயாளி. முட்டி வீங்கி முடங்கிக் கிடந்தவர் அப்படிச் சொன்னால் அது நியாயமே. ஐந்தாண்டு என்று அறிந்து அவர் சம்மதிக்கட்டும். ஆயுள் முழுக்க என்று நம்பியல்ல.

மரபணுவைக் குரோமோசோமுக்குள்ளேயே புகுத்திவிட்டால் நிலைக்காதா? நிலைக்கும். பாரிஸிலும் லண்டனிலும் பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தியற்ற குழந்தைகள் 20 பேருக்கு, 1999 தொடங்கி அப்படிச் செய்தார்கள். பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. ஆனால் ஐவருக்கு இரத்தப் புற்றுநோயும் வந்தது. ஒரு குழந்தை இறந்தது. புகுந்த இடம், அணுவின் வளர்ச்சியைத் தூண்டும் வேறொரு மரபணுவுக்கு அருகே அமைந்துவிட்டது.

பின்னர் இம்முறையைத் திருத்தினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஏ வகை நோயாளிகள் ஐவரின் இரத்த மூல அணுக்களை எடுத்து, மரபணுவைப் புகுத்தி, அவர்களுக்கே திரும்பச் செலுத்தினார்கள். எவருக்கும் அதன்பின் இரத்தக்கசிவு இல்லை என்று 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஆயினும் அதற்குமுன் கடுமையான மருந்தால் பழைய எலும்பு மஜ்ஜையை அழிக்க வேண்டியிருக்கிறது. அது பிள்ளைப் பேற்றைப் பாதிக்கக்கூடியது. நிக்காஹ் ஆகாத வாலிபனுக்கு இது சிறிய விஷயமா?

குரோமோசோமில் புகுத்தும் சிகிச்சை பெற்றவர்களை 15 ஆண்டுகள் வரை கவனித்துவர வேண்டும் என்பது அமெரிக்க நிர்வாகத்தின் ஆலோசனை. அதற்குள் பலன் குன்றினால் ஃபேக்டர் ஊசிக்கு யார் பொறுப்பு, பின்விளைவு வந்தால் செலவு யாருடையது என்பதையும், கையெழுத்து வாங்கும் அந்தத் தாளிலேயே தாய்தந்தையருக்குப் புரியும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.