விடுமுறை யார் கையில்?

சகோதர வர்த்தகர்களே! ஒரு மனிதனுடைய பண்டிகை நாளை அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள யாருக்கு உரிமை உண்டு? அரசாங்கத்துக்கா, முதலாளிக்கா? ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

கியூபா கத்தோலிக்க மார்க்கத்தில் ஊறிய தேசம். 1959-ல் அங்கே புரட்சி நடந்தது. 1970-ல் ஒரு கோடி டன் சர்க்கரை எடுத்துவிட வேண்டுமென்று புதிய அரசாங்கம் திட்டமிட்டது. கரும்பு வெட்டு தடைப்படக் கூடாதென்று 1969-ல் கிறிஸ்துமஸ் விடுமுறையை ரத்துச் செய்தது. அந்த ஒரு கோடி டன்னும் கிட்டவில்லை. விடுமுறை திரும்பி வந்தது 1997-ல்தான். ஆயினும் ஹவானாவுக்கு அருகிலுள்ள ரின்கோனில் டிசம்பர் 17-ல் நடக்கும் லாசரு திருநாளுக்கு ஜனங்கள் போவது அக்காலத்திலும் நிற்கவில்லை. விடுமுறையைத்தான் அரசாங்கத்தால் எடுக்க முடிந்தது.

"அது எங்கோ உள்ள தேசம், நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைப் பாருங்கள். சிப்பந்திகளுக்குச் சம்பளத்தோடு 11 பொது விடுமுறைகள் உண்டு. தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், சுல்தான் பிறந்த நாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம் ஆகிய ஐந்தும் மாறாதவை. மற்ற ஆறு நாட்களை அரசாங்கப் பட்டியலிலிருந்து முதலாளியே தெரிந்தெடுத்து, ஆண்டு பிறக்குமுன் கடையில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அந்த ஆறு நாளைப் பொறுத்தவரை நாமும் ஒரு சிறு அரசாங்கமே!

செமினி போன்ற ஊரில் ஒரே கடையில் நம்மவரும் மலாய்க்காரரும் இந்துப் பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். நோன்புப் பெருநாளுக்கு நாம் கடையை அடைக்கிறோம். தீபாவளியன்றோ, "கூலியைக் கூட்டித் தருகிறேன், வந்துவிடு" என்கிறோம். முதலாளி முகம் கோணுமே என்று பையன் தலையாட்டுகிறான். பணம் கைக்கு வரும். தாயோடு உட்கார்ந்து பசியாறும் அந்தக் காலைப்பொழுது வருமா? வியாபாரத்துக்காக நாம் இதைச் செய்தால், சர்க்கரைக்காகக் கியூபா செய்ததற்கும் இதற்கும் என்ன பேதம்?

"பிற மதப் பண்டிகைக்கு விடுமுறை விடுவது அதில் பங்குகொள்வதாகாதா?" என்பாரும் உளர். ஆகாது. அவருடைய நேரத்தை அவரிடம் விடுகிறோம். அவருடைய வணக்கத்தில் நாம் சேரவில்லை. ஜும்ஆவின் அழைப்பைக் கேட்டதும் வியாபாரத்தை விட்டு வருமாறு திருக்குர்ஆன் நமக்குப் பணித்திருக்கிறது. வேறொரு முதலாளியிடம் வேலை பார்க்கும் நம் பிள்ளைக்கு அந்த நேரம் மறுக்கப்பட்டால் நம் மனம் பொறுக்குமா?

ஆகவே, வருகிற ஆண்டுக்கான பட்டியலை ஒட்டுமுன் ஒவ்வொரு சிப்பந்தியையும் அழைத்து, "உனக்கு எந்த நாள் வேண்டும்?" என்று கேட்போம். இருவரும் இசைந்தால் ஒரு விடுமுறைக்குப் பதில் வேறொரு நாளை வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. நமது சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக, ஆமீன்.