மகிழுக்குச் சாமி, அலையாத்திக்குச் சட்டம்

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் மகிழ மரத்தில் அரிவாள் வைக்க யாருக்கும் கை வராது. மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சிவனடியார் சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மகிழடியில்தான். சந்நிதியில் சத்தியம் செய்தால் பிறகு மீற முடியாதே என்று, சிவனை அந்த நேரத்துக்கு மட்டும் மகிழடிக்குப் போய் இருக்கச் சொன்னார் சுந்தரர். சிவனோ சங்கிலியாரிடம், சத்தியத்தையே மகிழடியில் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். பின்னாளில் வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டிய சுந்தரருக்குக் கண் போயிற்று. அடியாரானாலும் மரத்தடிச் சத்தியம் விடவில்லை! மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

கோயில் மதிலுக்கு வெளியே நிற்கும் மரங்களுக்கு இப்படியொரு கதை கிடையாது. மும்பைக்கு 1975இலும் பெங்களூருக்கு 1976இலும் டெல்லிக்கு 1994இலும் மரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டுச் சட்டம் மலைப்பகுதிகளுக்கு மட்டுமே. சமவெளி நகரத்தில் அரசு நிலத்து மரத்தை வெட்டுவதென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. சொந்த வீட்டு வாசலில் நிற்கும் வேம்பு பெரும்பாலும் வீட்டுக்காரரின் மனசை நம்பியே நிற்கிறது.

ஆனால் வடசென்னையில் சட்டம் மிக அழுத்தமாகக் காக்கும் மரம் எது என்று கேட்டால், பலருக்கும் தட்டுப்படாத விடை, எண்ணூர்க் கழிமுகத்து அலையாத்தி. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் அதற்கு முதல் வகுப்பு இடம். அலையாத்திப் பரப்பு 1,000 சதுர மீட்டரைத் தாண்டினால், அதைச் சுற்றி 50 மீட்டர் நிலமும் சேர்ந்தே காக்கப்பட வேண்டும். காகிதத்தில் இதைவிடப் பலமான வேலி இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது, மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கிக் கழிமுகத்துக்கு வந்தது. குப்பத்து மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் அதை அள்ளினார்கள். அலையாத்தி, சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் வேர்களின் நுண்துளைகள் வழியாகத்தான் மூச்சு விடும். அந்த வேர்களில் எண்ணெய் படிந்தது. அரிவாளும் இல்லை, ரம்பமும் இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது உண்மைதான். ஆனால் விசாரணை எப்போதும் எண்ணெய்க்குப் பின்னால்தானே வரும்?

வெட்டுகிற ஆளை மனத்தில் வைத்துத்தான் நம்முடைய காவல் பெரும்பாலும் எழுதப்படுகிறது. எண்ணூரில் மரத்தை வாட்டுவதோ எண்ணெய், அனல்மின் நிலையச் சாம்பல், நீரோட்டத்தை மறிக்கும் கட்டுமானம். இவற்றுக்கு முகமில்லை; கையும் களவுமாகப் பிடிக்கவும் முடியாது. முதலில் கண்டுகொள்பவர்கள் அந்த வேர்களுக்கிடையே கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள். அவர்களுக்கு அது இயற்கை ரசனை அல்ல, அன்றாடப் பிழைப்பு. மகிழுக்குச் சத்தியமும் பக்தியும் காவலென்றால், அலையாத்திக்கு அந்தக் கைகளே காவல். அதிகாரிகளின் ஆய்வு அறிக்கைக்கு முன்பே அவர்களின் பேச்சுக்குக் காது கொடுத்திருக்க வேண்டும்.

கட்டுமானத்தில் அலையாத்தி அழிந்தால் மூன்று மடங்கு பரப்பில் வேறிடத்தில் நட்டு ஈடுகட்டலாம் என்கிறது அதே கடலோர அறிவிக்கை. கணக்கு என்னவோ தாராளம்தான். அந்த வேறிடத்தில் வளரும் இறாலை எண்ணூர்க்காரர் எந்த உரிமையில் போய்ப் பிடிப்பார் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.