தாழ்ப்பாளைத் திறந்தது யார்?

ஸ்டான்லி கூப்ரிக்கின் ‘தி ஷைனிங்’ 1980இல் வெளிவந்தது. கொலராடோ மலையில், குளிர்காலம் முழுக்கப் பனி மூடி ஆளற்றுக் கிடக்கும் ஓவர்லுக் ஹோட்டலைப் பார்த்துக்கொள்ள ஜாக் டோரன்ஸ் தன் மனைவி வெண்டியோடும் மகன் டேனியோடும் வருகிறான். பனி உருகுவதற்குள் கோடரியோடு அவர்களையே துரத்துகிறான். முன்பு அதே வேலையில் இருந்த கிரேடி, மனைவியையும் இரு மகள்களையும் வெட்டிக் கொன்றவன் என்பது நேர்காணலின்போதே அவனுக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பேய் உண்மையா, மனப்பிரமையா என்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். அதைவிடப் பழைய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. பேய் உண்மையாகவே இருந்து தூண்டியது என்றே வைத்துக்கொள்வோம். கோடரியைத் தூக்கியவனின் குற்றம் அதனால் குறையுமா? குறையாது என்பதற்கு இந்தப் படமே வலுவான சாட்சி என்று நினைக்கிறேன்.

சாட்சியம் சம்பவங்களின் வரிசையில் இருக்கிறது. குடிபோதையில் மகனின் தோள்மூட்டு விலகும்படி கையை இழுத்தது ஜாக் இந்த ஹோட்டலில் கால் வைப்பதற்கு முன்பே நடந்தது. காலியான மதுக்கூடத்தில் உட்கார்ந்து, ஒரு குவளை பீருக்காக ஆன்மாவையே கொடுத்துவிடுவேன் என்று அவன் முணுமுணுக்கிறான். அதன் பிறகுதான் மது ஊற்றித் தரும் லாய்ட் கண்ணில் படுகிறான். விலையை முதலில் சொல்வது வாங்க வந்தவன். பிறகு வெண்டி அவனை அடித்து வீழ்த்திச் சரக்கறையில் பூட்டிவைக்கிறாள். கதவுக்கு வெளியே, பேயாக வரும் கிரேடியின் குரல் கேட்கிறது. மனைவியையும் மகனையும் தீர்த்துக்கட்டும் துணிவு ஜாக்குக்கு இல்லையோ என்று சீண்டுகிறது, கடைசியில் அவனிடம் வாக்குக் கேட்கிறது. அவன் வாக்குக் கொடுக்கிறான். தாழ்ப்பாள் விலகும் ஓசை அதற்குப் பிறகு வருகிறது. அதுவரை நடந்ததையெல்லாம் மனத்தின் கோளாறு என்று விளக்கிவிடலாம், அந்த இடத்தில்தான் அமானுஷ்யத்தைத் தவிர வேறு விளக்கம் இல்லாமல் போகிறது என்று கூப்ரிக்கே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆக, பேய் சந்தேகத்துக்கு இடமின்றிச் செய்யும் செயல் சம்மதத்துக்குப் பிந்தியது. தீமையைப் பற்றிய தம் நூலைப் புனித அகஸ்தீன் ஒரு பாகுபாட்டோடு தொடங்குகிறார்: ஒருவர் செய்யும் தீமை வேறு, அவர் அனுபவிக்கும் தீமை வேறு. அதே கூரையின் கீழ் டேனி கழுத்தில் காயத்தோடு வந்து நிற்கிறான், வெண்டியும் கடைசியில் பிணங்களையும் முகமூடிகளையும் பார்க்கிறாள். ஹோட்டல் மூவரையும் நெருக்குகிறது. வாக்குக் கொடுப்பவன் ஒருவன்தான்.

குடிக்கு அடிமையானவனின் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்லலாமா? இது லேசான ஆட்சேபம் அல்ல. 1977இல் மூல நாவலை எழுதிய ஸ்டீபன் கிங் தாமே குடியோடு போராடியவர். கூப்ரிக்கின் படம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ஜாக் நல்லவனாக இருக்க முயன்று தோற்பவன். இறுதியில் ஒரு கணம் தன்னிலைக்குத் திரும்பி, ஓடிவிடு என்று மகனிடம் சொல்கிறான். கொதிகலன் வெடித்து ஹோட்டலே அழிகிறது. அந்தக் கதையில் குற்றவாளி கட்டடம்தான். கருணையில் கிங் மேலானவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கருணை வேறு, விடுதலைத் தீர்ப்பு வேறு. குடிபோதையில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதித்த சட்டத்தை அரிஸ்டாட்டில் எடுத்துக்காட்டுகிறார்: குடிக்காமல் இருப்பது அவன் கையில் இருந்தது, அறியாமைக்குக் காரணமே அந்தக் குடி. அடிமைத்தனத்தை நோயாகப் பார்க்கும் இன்றைய பார்வைக்கு இது கடுமையாகப் படும். இரட்டைத் தண்டனை எனக்கும் உடன்பாடில்லை. ஆயினும் அந்தத் தர்க்கத்தில் ஒரு பகுதி அசைக்க முடியாதது. சுதந்திரத்தை இழந்தவன் எப்படி இழந்தான் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

விவிலியத்தின் பார்வோன் கதை இதே முடிச்சில்தான் நிற்கிறது. எகிப்தின் மீது வாதைகள் விழ விழ அவன் இருதயம் கடினப்படுகிறது. பின்னர் கர்த்தரே அதைக் கடினப்படுத்தினார் என்று யாத்திராகமம் சொல்கிறது. கடவுளே கல்லாக்கிய நெஞ்சுக்குத் தண்டனை எப்படி நியாயம்? பன்னிரண்டாம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸின் விடை துணிச்சலானது. முதலில் அவன் தன் விருப்பத்தால் பாவம் செய்தான். மனந்திரும்பும் ஆற்றல் பறிக்கப்பட்டதே அதற்கான தண்டனை. அப்படியென்றால் கடைசிக் கட்டத்தில் அவன் சுதந்திரமானவன் அல்ல, ஆனாலும் பொறுப்பாளி. சரக்கறையிலிருந்து வெளிவரும் ஜாக்கின் நிலையும் அதுவே. அதற்குப் பிறகு அவனால் திரும்ப முடியாமல் போயிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை.

கடைசிக் காட்சியின் புகைப்படம்தான் இந்த வாதத்துக்குப் பெரிய இடையூறு. 1921 ஜூலை 4 விருந்தில் எடுத்த படத்தின் நடுவில் ஜாக் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இதை மறுபிறப்பின் குறிப்பு என்றார் கூப்ரிக். மறுபிறப்பு என்றதும் தமிழ் வாசகர், எல்லாம் ஊழ் என்று புத்தகத்தை மூடிவிடக்கூடும். ஆனால் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். முன்வினை ஒருவரை எந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது என்பது ஒன்று, அங்கே நின்று அவர் என்ன செய்தார் என்பது இன்னொன்று. ஜாக் என்றென்றும் இங்கே பராமரிப்பாளன்தான் என்று படத்தில் வாய்விட்டுச் சொல்வது யார் என்பதையும் பார்க்க வேண்டும். சிவப்புச் சுவர்கள் கொண்ட கழிவறையில் அதைச் சொல்வது கிரேடி; இங்கே பராமரிப்பாளனாக இருந்து மனைவி மக்களை வெட்டியது நீதானே என்று ஜாக் கேட்டதற்கு, அப்படி எதுவும் நினைவில்லை என்று அப்போதுதான் மழுப்பியவன். சற்று நேரத்தில் அவர்களைத் ‘திருத்தியதாக’ அவனே பெருமையோடு சொல்கிறான். முடிவு முன்பே எழுதப்பட்டிருந்தால், சரக்கறைக் கதவுக்கு வெளியே நின்று அவ்வளவு நேரம் பேரம் பேச அவனுக்கு அவசியமே இல்லை.