ஏலத்தில் நிற்பவரும் விலை பேசும் நாமும்

2025ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் மாலை, மாரிமழைக்கு ஒதுங்கிக் காரைதீவுச் சந்திக்கு அருகிலுள்ள தேநீர்க்கடை ஒன்றில் நின்றோம். உள்ளூர்த் தமிழ் இளைஞரும், மாளிகைக்காட்டிலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் வந்த முஸ்லிம் இளைஞருமாக ஏழெட்டுப் பேர் ஒரே கைத்தொலைபேசியைச் சூழ்ந்து நின்றனர். அபுதாபியில் இந்தியன் பிரிமியர் லீக் கிரிக்கெட் போட்டிக்கான ஏலம் நடந்துகொண்டிருந்தது. சென்னை அணி நவம்பரில் விடுவித்திருந்த நம் நாட்டுப் பந்துவீச்சாளர் மதீஷ பத்திரணவின் பெயர் கூறப்பட்டது. இரண்டு கோடி இந்திய ரூபாயில் தொடங்கிய கேள்வி ஏறி ஏறிப் பதினெட்டுக் கோடியில் நின்றது. கொல்கத்தா அணி அவரை எடுத்துக்கொண்டது.

“எங்கட பிள்ளைய விட்டுட்டு இப்ப பாருங்கடா” என்றார் ஒருவர். “பதினெட்டுக் கோடி அவனுக்குக் கூட மச்சான். போன முறை என்னத்தப் போட்டவன்?” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் சென்னை அணியின் கையிருப்பில் மீதி எவ்வளவு, அதில் யார் யாரை வாங்கலாம், அடுத்த ஆண்டு யாரைத் தள்ளிவிடலாம் என்று விரல் மடித்துக் கணக்குச் சொன்னார். மழை விட்ட பின்பும் ஒருவரும் கலையவில்லை.

அந்தக் கணக்கின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பவர் அல்லர். நாலாண்டு ஆட்டங்களின் எண்களை அவர்கள் மனத்தில் வைத்திருக்கிறார்கள். எந்தப் பந்துவீச்சாளன் கடைசி ஓவர்களில் தடுமாறுவான், எந்தத் துடுப்பாட்டக்காரன் சுழற்பந்துக்கு அஞ்சுவான் என்பதை நம் பரீட்சைகள் கேட்டறியாத கூர்மையோடு எடுத்துரைக்கிறார்கள். ஒருவருடைய தொழிலை இவ்வளவு கூர்ந்து பார்ப்பது அத்தொழிலுக்குச் செய்யும் மரியாதையே. நம்மை உறுத்தியது வேறொன்று. பத்திரணவின் பந்தைப் பற்றிய பேச்சு, எப்போது என்று புலப்படாமலே, பத்திரணவின் விலையைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. மாறிய அக்கணத்தில் பேசியவர்களின் இடமும் மாறிற்று. அதுவரை ஆட்டத்தைப் பார்ப்பவர்களாக இருந்தவர்கள், அதன்பின் அணியின் உரிமையாளர்களாகப் பேசத் தொடங்கினர். சொந்தமாக ஒரு துண்டு வயலும் இல்லாதவர் பதினெட்டுக் கோடியை ‘வீண் செலவு’ என்று தள்ளினார்.

மனிதரை விலை பேசும் இப்பேச்சில் குற்றம் உண்டா? உண்டெனில் அது யாருடையது?

குற்றம் ஏதும் இல்லை என்பவர்களுக்கு வலுவான நியாயம் இருக்கிறது. ஆட்டக்காரர் தம் விருப்பத்தின்படியே பெயரைப் பதிகிறார். அடிப்படை விலையைத் தாமே தெரிவு செய்கிறார். ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு மாற்றப்படுவதாயின் அவருடைய சம்மதம் வேண்டும். முன்னாளில் வெறும் கைதட்டலோடு வீடு திரும்பிய விளையாட்டு வீரருக்கு இன்று செல்வம் கிடைக்கிறதென்றால் அதைக் கண்டு முகம் சுளிக்க நமக்கு என்ன உரிமை? உழைப்பவன் தன் உழைப்புச் சக்தியைக் குறித்த காலத்துக்கு விற்கிறான், தன்னையே விற்பதில்லை. தன்னை முற்றாக விற்றுவிட்டால் அவன் அடிமை என்ற வேறுபாட்டைக் கார்ல் மார்க்சே தெளிவாக வகுத்துக் காட்டியிருக்கிறார். அந்த அளவுகோலின்படி, கொல்கத்தா அணி பத்திரணவை வாங்கவில்லை. அவருடைய பந்துவீச்சைச் சில பருவங்களுக்குப் பெற்றிருக்கிறது, அவ்வளவே.

இந்த நியாயத்தை நாம் பாதி ஏற்கிறோம். மறுபாதியை ஏற்க விடாமல் தடுப்பது நம் ஊரில் நன்கு அறிந்த ஒரு கதை.

காரைதீவு கண்ணகிக்குக் கோயில் எடுத்த ஊர். 1892இல் இங்கு பிறந்த விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு ஆராய்ந்தே 1947இல் வெளியான யாழ் நூலை ஆக்கினார். அந்தக் காதையில் இசையும் கூத்தும் மட்டும் இல்லை, ஒரு விற்பனையும் இருக்கிறது. ஏழாண்டு பயின்று அரங்கேறி, அரசனிடம் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பரிசாகப் பெற்ற மாதவியின் மாலையை, ஒரு கூனி நகரத்துச் செல்வர் உலவும் தெருவில் ஏந்தி நிற்கிறாள். அம்மாலையின் விலையும் அதே ஆயிரத்தெட்டுக் கழஞ்சு. வாங்குபவன் மாதவிக்குத் துணைவனாகலாம். கோவலன் வாங்கினான். விற்கப்பட்டது மாலைதான், மாதவி அல்லள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒப்பந்தம்தான் விற்கப்பட்டது, ஆள் அல்லன் என்று இன்று நாம் சொல்வதைப்போல. ஆண்டுதோறும் வைகாசியில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடும் நாம், கோவலன் பிழைத்தானா இல்லையா என்று வாதிடுவதுண்டு. அந்தத் தெருவில் நின்று விலையைக் கேட்டவர்கள் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தோமா? ‘ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கூடுதல்’ என்று யாரோ ஒருவர் சொல்லித்தான் இருப்பார்.

இனி அமெரிக்கத் தளப்பந்தாட்டத்துக்கு வருவோம். அங்கே ஓர் அணியோடு ஒருமுறை கையெழுத்திட்ட ஆட்டக்காரர், அந்த அணி விடும்வரை அதற்கே உரியவர் என்று ஒப்பந்தம் இருந்தது. அணி அவரை விற்கலாம், மாற்றலாம். அவர் போகமாட்டேன் என்றால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டியதுதான். செயின்ட் லூயி நகர அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின வீரர் 1969 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றப்பட்டார். அவர் போக மறுத்தார். அந்த டிசம்பர் 24ஆம் நாள் விளையாட்டின் ஆணையாளருக்கு எழுதிய கடிதத்தில், தம் விருப்பம் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஓர் உடைமை அல்லர் என்று தெரிவித்து வழக்கிட்டார். அப்போது அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழத் தொண்ணூறாயிரம் டொலர். இவ்வளவு வாங்குபவனுக்கு என்ன குறை என்று ரசிகர் பலர் வெகுண்டனர். வசைக் கடிதங்கள் குவிந்தன. விசாரணையின்போது, களத்தில் இருந்த ஆட்டக்காரர் ஒருவரேனும் வந்து அவர் பக்கத்தில் அமரவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1975 இறுதியில், வேறிரு பந்துவீச்சாளர்களின் வழக்கில் நடுவர் ஒருவர் அளித்த முடிவால் அந்தப் பிணைப்பு அறுந்தபோது, ஃபிளட் ஆட்டத்தை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

உரிமையாளர்கள் தங்கள் உடைமையைக் காக்க முயன்றதில் வியப்பில்லை. கூலிக்கு உழைத்து, வாரக் கடைசியில் நுழைவுச்சீட்டு வாங்கி வந்த ஆலைத் தொழிலாளி ஏன் உரிமையாளரின் பக்கம் நின்றான்? தானும் நாளைக்கு இதேபோல் வேறோர் ஆலைக்கு மாற்றப்படக்கூடியவன் என்பது அவனுக்குத் தெரியாதா? தெரிந்திருக்கும். ஆயினும் ஆட்டத்தைப் பார்க்கும் அந்த மூன்று மணி நேரம் அவனும் ஒரு முதலாளி. வாழ்நாள் முழுவதும் விலை பேசப்பட்டவனுக்கு, விலை பேசும் இன்பம் அங்குதான் கிடைக்கிறது. இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. இது ஒருவகை ஏக்கம். எதிர்ப்பக்கத்தில் போய் அமர்ந்துகொண்ட ஏக்கம்.

இந்த இன்பத்தின் மறுபக்கம் விசுவாசத்தின் சிக்கல். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்குமாக அடித்துச் சென்னைக்குக் கிண்ணத்தைப் பெற்றுத் தந்தவர் ரவீந்திர ஜடேஜா. 2025 நவம்பரில் சாம் கரனோடு சேர்த்து அவரை ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைச் சென்னை பெற்றுக்கொண்டது. ஜடேஜாவின் பதினெட்டுக் கோடி பதினான்காகக் குறைந்தது. பத்து அணிகளுள் பத்தாவதாக முடிந்த பருவத்தின் பின் மாற்றம் வேண்டியதுதான் என்று கடையில் பேசப்பட்டது. இருக்கலாம். ஆயின் ‘நாம சாம்சன எடுத்திட்டம்’ என்கிறபோது அந்த ‘நாம்’ யார்? நாம், நாங்கள் என்று இரு சொற்களைப் பிரித்து வைத்து, கேட்பவரைச் சேர்ப்பதா விலக்குவதா என்று ஒவ்வொரு முறையும் தெரிவு செய்ய வைக்கும் மொழி நம்முடையது. 2013இல், தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பையும் முதலமைச்சர் ஜெயலலிதாவின் கடிதத்தையும் அடுத்து, சென்னையில் நடந்த ஆட்டங்களில் இலங்கை வீரர் எவரும் ஆடவில்லை. 2008இன் முதலாவது ஏலத்தில் ஆறு இலட்சம் டொலருக்குச் சென்னை எடுத்த முரளிதரன் அப்போது பெங்களூர் அணியில் இருந்தார். தமிழரான அவரும் அந்த விலக்கினுள் அடங்கினார். அந்த எதிர்ப்புக்குப் பின்னால் இருந்த துயரம் நமக்கு அந்நியமானதன்று. எனினும் ஒப்பந்தத்தில் இருந்த மனிதர், எந்த ஊர்ச் சரக்கு என்ற முத்திரையால் ஒதுக்கப்பட்ட விதம் கவனிக்கத் தக்கது. இக்கரையில் இருந்து மஞ்சள் சட்டைக்குக் கைதட்டியவர்களை அன்று அந்த ‘நாம்’ சேர்த்துக்கொள்ளவில்லை. இருந்தும் இவர்கள் அணியை விடவில்லை. விசுவாசம் என்பது ஒருபக்கத்துப் பாதையாகவே இருந்து வந்திருக்கிறது.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. இந்த ஏலம் 2023இல் துபாயிலும், 2024இல் ஜித்தாவிலும், 2025இல் அபுதாபியிலும் நடந்தது. இம்மூன்று நகரங்களின் பெயரும் கல்முனைக் கரையில் குழந்தைக்கும் தெரியும். அப்பன் அங்கே இருக்கிறான், அல்லது உம்மா அங்கே வீட்டுவேலைக்குப் போயிருக்கிறாள். வேலை கொடுத்தவரின் அனுமதியின்றி வேறு வேலைக்கு மாற முடியாத முறை வளைகுடா நாடுகளில் நெடுங்காலம் நிலவியது. கட்டார் 2020இல் தன் சட்டத்திலிருந்து அதை நீக்கிற்று. மேடையில் நின்றவருக்கு மாற்றத்தின்போது சம்மதம் கேட்கப்படுகிறது. அந்த மண்டபத்தின் தரையைத் துடைத்தவருக்கு அது எந்த அளவில் கேட்கப்பட்டிருக்கும்? பத்திரணவின் பதினெட்டுக் கோடியைக் கண்டு நாம் இரங்க வேண்டியதில்லை. அவரைப்போல் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் எழுபத்தேழு இடங்களுக்குக் காத்திருந்தனர். பெயர் வாசிக்கப்பட்டும் ஒரு கையும் உயராத அந்த அமைதியைத் தொலைக்காட்சி மிக விரைவாகக் கடந்து போகிறது. கடையில் அதைக் கண்டு இருவர் சிரித்தனர். நமக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை.

விரல் மடித்துக் கணக்குச் சொன்ன இளைஞர் அடுத்த மாதம் கட்டாருக்குப் போகிறவர் என்று பின்னர் அறிந்தோம். ஒப்பந்தத்தை வாசித்தீரா என்று கேட்டோம். ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்ததாம். கையெழுத்து வைக்கும் இடத்தை மட்டும் காட்டினார்களாம். நான்காண்டு ஆட்டங்களின் எண்களை ஒப்பிக்கும் அவருக்குத் தம் விடுமுறை நாட்கள் எத்தனை என்று தெரியவில்லை.

“என்ட அடிப்படை விலை ஆயிரம் றியால் சேர்” என்றார் அவர் சிரித்துக்கொண்டே. “கேள்வி கேட்க ஒரே ஒரு ஆள்தான் வந்தான்.”

பக்கத்தில் நின்ற நண்பர் அவருடைய முதுகில் தட்டினார். இன்னொரு தேநீர் வந்தது. பேச்சு மறுபடி பத்திரணவின் யோர்க்கர் பந்துக்குத் திரும்பிற்று.