விற்ற நிலமும் விற்காத நீரும்

2025 பிப்ரவரி 10-ஆம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் விசாரணை தொடங்கியது. வழக்குத் தொடுத்தவர்கள் தெற்குத் தீவின் மாவோரிக் குடியான ஙாய் தாஹு. (தமிழில் சொல்லுக்கு முதலில் வந்து பழக்கமில்லாத ங எழுத்துக்கு அங்கே ஒரு குடியே கிடைத்திருக்கிறது.) எதிர்த்தரப்பு அரசு. தங்கள் பகுதியின் ஆறு, ஏரி, ஊற்று அனைத்தின் மீதும் தங்களுக்குள்ள ரங்கதிராதங்காவை, அதாவது முறைசெய்யும் தலைமையுரிமையை, அரசு ஏற்க வேண்டும். நீரை ஆளும் விதிகளைத் தங்களோடு உட்கார்ந்து வகுக்க வேண்டும் என்பது கோரிக்கை.

அதற்கு மூன்று மாதம் முன்புதான், 1840-இல் மாவோரித் தலைவர்கள் பிரிட்டிஷ் முடியரசோடு செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கையின் பொருளைச் சட்டம் போட்டுச் சுருக்க முயன்ற மசோதாவின் நகலை, 22 வயது மாவோரி உறுப்பினர் ஒருவர் நாடாளுமன்றத்தில் கிழித்துவிட்டு ஹாக்கா என்ற மாவோரி ஆட்டம் ஆடினார். பல்லாயிரம் பேர் வெலிங்டனில் ஊர்வலமாகத் திரண்டார்கள். அந்த மசோதா 2025 ஏப்ரலில் 112-க்கு 11 என்று தோற்றது. அதைப் பிறப்பித்த எரிச்சல் மட்டும் தோற்கவில்லை. நிலத்தைக் காசுக்கு விற்றுவிட்டு நூற்றெழுபது வருடம் கழித்துத் தண்ணீரைக் கேட்பது என்ன நியாயம் என்று அந்த எரிச்சல் இன்றும் கேட்கிறது.

கேட்கும்போது சரிபோலத்தான் இருக்கும். சரியில்லை. விற்காத பொருளைத் திரும்பக் கேட்பது பேராசை ஆகாது. அதை விலைக்கு வாங்காமலே வைத்திருப்பதைத்தான் வேறு பெயரால் அழைக்க வேண்டும். வள்ளுவர் அதற்கென்றே வெஃகாமை என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார்.

பத்திரத்தைப் பார்ப்போம். 1848 ஜூன் 12-இல் அகரோவா துறையில் எழுதப்பட்டது. எழுதி வாங்கியவர் அரசுப் பிரதிநிதி ஹென்றி கெம்ப்; அவர் பெயராலேயே அது கெம்ப் பத்திரம் எனப்படுகிறது. பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 35 லட்சம் ஏக்கர். கிரயம் 2,000 பவுண்டு. கணக்குப் போட்டால் ஒரு பென்னிக்கு 28 ஏக்கர். விற்றவர்கள் குடியிருக்கவும் பிழைக்கவும் பின்னால் அளந்து ஒதுக்கப்பட்ட நிலம் 6,359 ஏக்கர். விற்ற இரண்டாயிரம் ஏக்கருக்கு ஓர் ஏக்கர்கூடத் தேறவில்லை. ஆளுக்குப் பத்து ஏக்கர் போதும் என்று அளந்தவர் வால்ட்டர் மான்டெல் என்ற அதிகாரி. அதே காலத்தில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் ஆடு மேய்க்க ஆயிரக்கணக்கான ஏக்கர்களை ஒரே ஆளாகக் குத்தகைக்கு எடுத்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விலை அநியாயம் என்பதோடு நின்றால் இது பழைய கதை. எத்தனையோ நாட்டில் நடந்ததுதான். கெம்ப் பத்திரத்தின் உயிர் அதன் விலையில் இல்லை, ஒரு சொற்றொடரில் இருக்கிறது. பத்திரம் மாவோரி மொழியில் எழுதப்பட்டது. விற்கிறோம் என்று சொன்ன கையோடு, தங்கள் குடியிருப்புகளையும் மஹிங்கா காயையும் தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் விட்டுவிட வேண்டும் என்று விற்றவர்கள் அதிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். மஹிங்கா காய் என்றால் உணவு கிடைக்கும் இடம், உணவு எடுக்கும் வேலை, இரண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பில் அது வெறும் பயிர்த்தோட்டம் ஆயிற்று. ஒரு சொல்லை மாற்றியதில் ஆறும் ஏரியும் சதுப்பும் காணாமல் போயின.

ஏனென்றால் அந்த மக்களின் உணவு பெரும்பாலும் தோட்டத்தில் விளைந்ததல்ல, நீரிலிருந்து வந்தது. தெற்குத் தீவின் கான்டர்பரிக் கடற்கரையோரம் வைரேவா என்றொரு ஏரி உண்டு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கூழாங்கல் மேடு. இலையுதிர்காலத்தின் இருட்டு இரவுகளில், முட்டையிடக் கடலுக்குப் போகத் துடிக்கும் விலாங்குகள் ஏரியின் அந்த ஓரத்துக்கு வந்து சேரும். மக்கள் மேட்டில் கடலை நோக்கி வாய்க்கால் வெட்டுவார்கள். கடல்வரை வெட்ட மாட்டார்கள், பாதியில் நிறுத்திவிடுவார்கள். வழி திறந்தது என்று நம்பி வாய்க்காலுக்குள் நெளிந்து வரும் விலாங்குகளைக் கொக்கியால் வாரி எடுத்துப் பிளந்து, பரணில் தொங்கவிட்டு உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேர்ப்பார்கள். எந்தக் குடும்பம் எந்த வாய்க்காலில் என்பதற்கு முறை உண்டு. இதைத் தோட்டம் என்று மொழிபெயர்த்தவர்கள் பாஷை தெரியாமல் செய்தார்கள் என்று நம்புவது கஷ்டம். கெம்ப் நியூசிலாந்திலேயே வளர்ந்த மிஷனரி மகன். மாவோரி நன்றாகத் தெரிந்தவர்.

1868-இல் பூர்வகுடி நில நீதிமன்றம் இதை விசாரித்தது. தலைமை நீதிபதி ஃபென்டன் மஹிங்கா காய்க்குக் குறுகிய பொருள் சொன்னார்: ஓரிடத்தில் நிலையாகச் செய்யப்படும் வேலைகள் மட்டுமே அதில் அடங்கும், வேட்டையாடும் உரிமை அடங்காது. சில மீன்பிடி இடங்களை ஒதுக்கிவிட்டுக் கோப்பை மூடினார். சந்தேகம் உள்ள பத்திரத்தை எழுதியவருக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது உலகின் பழைய சட்ட மரபு. இங்கே எழுதியவனே படித்தான், எழுதியவனே தீர்த்தான். நடுவு நிலைமை என்று பன்னிரண்டாம் அதிகாரத்தில் வள்ளுவர் எதைச் சொன்னாரோ, அதற்கு நேர் எதிர்த்திசையில் அந்தத் தராசு சாய்ந்தது.

நிலம் போனால் நீரும் தானே கூடப் போய்விடும் என்பதுதான் இந்த அநீதிக்கெல்லாம் அடியில் கிடக்கும் நம்பிக்கை. கரை யாருக்கோ, ஆற்றின் நடுக்கோடு வரை படுகையும் அவருக்கே என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் அனுமானம். வடக்குத் தீவில் வாங்கனுய் ஆற்று மக்கள் 1938-இல் தொடங்கிய படுகை வழக்கு 1962-இல் இந்த அனுமானத்தின் மேல்தான் தோற்றது. இங்கிலாந்தின் ஓடைக்கு ஏற்பட்ட வழக்கத்தை, 290 கிலோமீட்டர் ஓடும் ஆற்றையே தம் முன்னோராகக் கருதும் மக்கள் மேல் சுமத்தினார்கள். அதுவும் போதாதென்று, படகு போகத்தக்க ஆறுகளின் படுகை அனைத்தும் அரசுடையது என்று 1903-இல் ஒரு நிலக்கரிச் சுரங்கத் திருத்தச் சட்டத்துக்குள் நுழைத்துவைத்தார்கள். ஆற்றை எடுத்துக்கொள்ள நிலக்கரிச் சட்டம்! 2014-இல் உச்ச நீதிமன்றம் வைகாட்டோ ஆற்று வழக்கில் இந்த நடுக்கோட்டு அனுமானத்தையே சந்தேகப்பட்டது. தாமதம்தான், ஆனாலும் வந்தது.

பத்திரம் எழுதத் தெரிந்த நாகரிகம் எதுவும் இப்படி எழுதாது. சோழர் செப்பேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிலம் கொடுக்கும்போது மரம், கிணறு, குளம், புற்று என்று ஒவ்வொன்றாக எண்ணி, உடும்பு ஓடுகிற இடம் ஆமை தவழ்கிற இடம் வரைக்கும் சொல்லித்தான் கொடுத்தார்கள். வாய்க்கால் வெட்டவும் நீர் பாய்ச்சவும் தனியாகச் சொன்னார்கள். இன்றைய கிரயப் பத்திரத்திலும் செக்குபந்தி எழுதியபின் கிணற்றுப் பாத்தியம், வாய்க்கால் பாத்தியம், வண்டிப்பாதை பாத்தியம் என்று தனித்தனியே எழுதாவிட்டால் எழுதுபவரே கேட்பார். சொல்லாதது சேராது. ரோமாபுரியின் ஜஸ்டீனியன் சட்டத்தொகுப்போ ஓடும் நீரைக் காற்றோடும் கடலோடும் சேர்த்து, யாரும் விற்க முடியாத பொதுப்பொருள் என்று வகுத்தது. எந்தச் சாத்திரத்தை எடுத்தாலும் கெம்ப் பத்திரத்தால் நீர் கைமாறியது என்று சொல்ல இடமில்லை.

கைமாறியது என்ன என்று கையெழுத்துப் போட்டவர்களுக்குப் புரிந்ததா என்ற கேள்வியும் புதிதல்ல. 1840 பிப்ரவரி 6-இல் வைதாங்கியில் தலைவர்கள் கையெழுத்திட வந்தபோது, வில்லியம் கொலென்சோ என்ற அச்சுக்கார மிஷனரி எழுந்து, இவர்களுக்கு இதன் ஷரத்துகள் புரிந்திருக்கின்றனவா என்று ஆளுநர் ஹாப்சனைக் கேட்டார். புரியாவிட்டால் அது தன் குற்றமல்ல என்ற பாணியில் பதில் வந்தது. கையெழுத்து தொடர்ந்தது. தமிழர்களுக்குக் கொலென்சோவை வேறொரு காரணத்துக்காகவும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நான்கு வருடம் முன்பு மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்து, அது பாத்திரமல்ல, ஒரு கப்பல் மணியின் மேற்பகுதி என்று கண்டுகொண்டவர் அவர். மணியில் மொகைதீன் பக்சின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்து இருந்தும் படிக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மணியும் சாட்சி.

அரசின் வாதம் ஒற்றை வரிதான்: தண்ணீர் யாருக்கும் சொந்தமில்லை. 2012-இல் மின் நிறுவனங்களின் பங்குகளை விற்க முனைந்தபோது பிரதமர் ஜான் கீ இதைத்தான் சொன்னார். அதே ஆண்டு, உடன்படிக்கை மீறல் புகார்களை விசாரிக்கும் வைதாங்கித் தீர்ப்பாயம், 1840-இல் மாவோரிகளுக்கு நீரின் மேல் உடைமைக்கு நிகரான உரிமை இருந்தது என்று சொல்லியிருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீரை முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் 35 வருடம் வரை எடுத்துக்கொள்ள அனுமதி கொடுப்பது யார்? 2016-இல் கான்டர்பரியின் ஆஷ்பர்ட்டன் மாவட்டக் கவுன்சில் ஒரு தொழில்மனையை விற்கப் புறப்பட்டது. மனையோடு சேர்த்து விற்கவிருந்தது, 30 ஆண்டுகளில் 4,000 கோடி லிட்டர் நிலத்தடி நீரை எடுக்கும் அனுமதி. புட்டியில் அடைத்து விற்கத்தான். ஊர் கொதித்தெழுந்தபின் கைவிட்டார்கள். தாங்கள் விற்கும்போது மட்டும் நிலத்தையும் நீரையும் தனித்தனியே எண்ணிப் பத்திரம் எழுத அவர்களுக்குத் தெரிந்திருந்தது!

மறுபக்கத்தில் பேச ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. இன்றைய கான்டர்பரிப் பண்ணைக்காரர் 1848-இல் பிறக்கவில்லை. வங்கியில் கடன் வாங்கிக் குழாய் போட்டிருக்கிறார். ஙாய் தாஹுவின் நிறுவனமே பால்பண்ணைகள் நடத்துகிறது என்பதும் உண்மை; அது உறுத்தத்தான் செய்கிறது. குடிமக்கள் அனைவரும் சமம் என்ற கொள்கையும் பெரிதுதான். ஆனால் திருட்டுப் பொருளை விலை கொடுத்து வாங்கியவர்மேல் இரக்கம் வரலாம். அந்த இரக்கம் உடையவரின் உரிமையை அழிக்காது. சமத்துவத்தைப் பற்றி, பத்து ஏக்கர் கணக்கில் அளந்து கொடுத்த கை பேச வருவதும் அழகில்லை.

நீரை ஆண்டவர்கள் அதை எப்படி வைத்திருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். 1990-இல் ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த கான்டர்பரியின் கறவை மாடுகள் பத்து மடங்குக்கு மேல் பெருகின. நீரைக் கேட்டதும் சமவெளி, சாணமும் மூத்திரமும் இறங்கியதும் அதே சமவெளியின் ஊற்றுகளில். தண்ணீர் எடுப்பதை ஒழுங்குசெய்த வட்டாரக் கவுன்சிலின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களை 2010-இல் அரசு வீட்டுக்கு அனுப்பி ஆணையர்களை அமர்த்தியது. தலையாலங்கானம் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பேரைப் பற்றிக் கவலைப்பட்டால் ஏரி வெட்டு என்று சொன்னார் குடபுலவியனார். ஏரியைக் கெடுத்த அரசனுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்யப் புலமை வேண்டியதில்லை.

தன் தீர்ப்பு தவறென்று தெரிந்த கணத்தில் அரியணையிலிருந்து விழுந்து உயிர்விட்டான் சிலப்பதிகாரத்துப் பாண்டியன். முடியரசு அவ்வளவு அவசரப்படவில்லை. பத்திரம் எழுதி 150 வருடம் கழித்து, 1998-இல், அகரோவாவுக்குப் பக்கத்து ஓனுக்குவில் பிரதமர் ஜென்னி ஷிப்லி மன்னிப்புக் கேட்டார். 17 கோடி டாலர் இழப்பீடு வந்தது. கான்டர்பரியின் தே வைஹோரா ஏரியின் படுகையும் ஙாய் தாஹுவுக்குத் திரும்ப வந்தது. படுகைதான், மேலே நிற்கும் தண்ணீர் அதில் சேராது என்று சட்டம். நாட்டின் மிக மோசமாக மாசடைந்த ஏரிகளில் ஒன்றின் சேறு இன்று அவர்களுடையது. சேற்றைக் கொடுத்துத் தண்ணீரை வைத்துக்கொள்வது சமரசம் ஆகாது. கிறைஸ்ட்சர்ச் வழக்கில் அறம் ஙாய் தாஹுவின் பக்கம் நிற்கிறது. சட்டமும் அங்கே போய் நிற்க வேண்டும்.

இத்தனை காலம் கழித்தா என்று கேட்பவர்களுக்கு ஒரு தேதி சொல்ல வேண்டும். கெம்ப் பத்திரத்தைப் பற்றி மதியாஹா திராமோரேஹு என்ற ஙாய் தாஹு தலைவர் அரசுக்குப் புகார்க் கடிதம் எழுதியது 1849 அக்டோபரில். பத்திரத்துக்கு அப்போது வயது பதினாறு மாதம்.